அந்த 12 வருடம் வெளியில் என்ன செய்தீர்கள்?

மேற்கு ஜேர்மனியின் முன்னாள் பிரதமர் வில்லி பிராண்டின் பெயரை நான் முதன்முதலாகக் கவனித்துக் கேட்டது ஓர் உணவகத்தின் சமையலறையில். 1988 டிசம்பர், மேற்கு பேர்லின். வேலை அனுமதி கிடைத்த கையோடு கோப்பை கழுவும் வேலையில் சேர்ந்திருந்தேன். அவருடைய 75 ஆவது பிறந்தநாளை ஒட்டி வானொலியில் ஏதோ நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. அறுபதைத் தாண்டிய தலைமைச் சமையல்காரர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வந்து வானொலியை நிறுத்தினார். "நாடு எரிந்துகொண்டிருந்தபோது ஓடிப்போனவன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். எனக்கு முதல் குளிர்கால மேலங்கியைத் தந்தவரே அவர்தான். போரில் இருந்தவர், அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

எனக்கு அப்போது ஜேர்மன் மொழி அரைகுறை. ஆனால் ஓடிப்போவது, தப்பி வருவது என்ற சொற்கள் மட்டும் நன்றாகத் தெரியும். 4 வருடமாக அலுவலகங்களில் திரும்பத் திரும்பக் கேட்டவை அவை. ஏன் ஓடி வந்தாய், எந்த வழியால் வந்தாய், யாருடைய கடவுச்சீட்டில் வந்தாய். நாடு எரிந்துகொண்டிருந்தபோது ஓடி வந்தவன் ஒருவன் தனக்குப் பின்னால் நின்று சட்டி கழுவுகிறான் என்பது அவருக்கு அந்த நேரம் தோன்றவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க அந்த ஒரு வார்த்தை காதுக்குள் நின்றது. ஓடிப்போன ஒருவர் இந்த நாட்டுக்குத் தலைவராக இருந்திருக்கிறாரா? எப்படி விட்டார்கள்? அந்தக் கேள்வியோடுதான் அவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். இன்னும் முடியவில்லை.

அவருடைய பிறப்புப் பெயர் ஹேர்பேர்ட் ஃபிராம். 1913 டிசம்பர் 18 அன்று, பால்டிக் கடலோரத் துறைமுக நகரமான லூபெக்கில் பிறந்தார். தாய் மார்த்தா ஒரு கடையில் விற்பனைப் பெண். கல்யாணம் ஆகவில்லை. தகப்பனை அவர் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. வளர்த்தது லாரி ஓட்டுநரான தாத்தா லுட்விக் ஃபிராம். அவரைத்தான் பையன் அப்பா என்று கூப்பிட்டான்.

அந்தத் தாத்தாவைப் பற்றி பிராண்ட் எழுதிய ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். வேலை நிறுத்த காலம், வீட்டில் சாப்பாடு இல்லை. பேக்கரி கண்ணாடிக்கு முன்னால் பார்த்துக்கொண்டு நின்ற சிறுவனை, தாத்தா வேலை செய்த ஆலையின் நிர்வாகி ஒருவர் கண்டார். பசிக்கிறதா என்று கேட்டு, கடைக்குள் கூட்டிப்போய் இரண்டு பாண் வாங்கிக் கொடுத்தார். பையன் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடினான். தாத்தா சொன்னது: திருப்பிக் கொண்டுபோய்க் கொடு. வேலை நிறுத்தத்தில் இருக்கிறவன் முதலாளியிடம் பரிசு வாங்க மாட்டான். நாங்கள் கேட்பது பிச்சை இல்லை, எங்கள் உரிமை. அந்தப் பையன் மணக்கும் பாணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பி நடந்திருக்கிறான். கொடுத்துவிட்டு வரும்போது பெருமையாக இருந்ததாம். பசியோடு பெருமையும் சேர்ந்து இருக்க முடியும் என்பது எங்களில் பல பேருக்குத் தெரியும்.

படிப்பில் கெட்டிக்காரன், உதவித்தொகையில் நல்ல பள்ளிக்கூடம் போனான். சமூக ஜனநாயகக் கட்சிப் பத்திரிகையில் எழுதத் தொடங்கினான். அங்கே ஆசிரியராக இருந்த ஜூலியஸ் லேபர் அவனுக்குக் குரு மாதிரி. 1931இல், கட்சி போதிய அளவு போராடவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டு ஒரு சிறிய இடதுசாரிக் கட்சிக்குப் போய்விட்டான். இளம் வயதுக் கோபம். லேபர் ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கெடுத்ததற்காக 1945 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். அந்தப் பிரிவைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதும்போதெல்லாம் பிராண்டின் எழுத்தில் ஒரு கனம் தெரியும்.

1933 மார்ச்சில் கட்சியின் இரகசியக் கூட்டத்துக்கு டிரெஸ்டன் போனபோது தனக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டான்: வில்லி பிராண்ட். ஜேர்மனியில் யாருக்கும் இருக்கக்கூடிய சாதாரணப் பெயர். அடுத்த மாதம் டிராவமுண்டே துறைமுகத்தில் ஒரு மீன்பிடிப் படகில் ஏறி, சுங்க அதிகாரி சோதிக்க வந்தபோது சாமான்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, டென்மார்க் போய்ச் சேர்ந்தான். வயது 19. கைப்பையில் சில சட்டைகள், 100 மார்க் காசு, மார்க்ஸின் மூலதனம் முதல் பாகம். அவர் எழுதிய இந்தப் பட்டியலை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் பையில் இரண்டு சட்டை, அம்மா கட்டித் தந்த பருத்தித்துறை வடை, ஒரு முருகன் படம்.

டென்மார்க்கிலிருந்து நோர்வே. ஒஸ்லோவில் அவர் செய்த முதல் காரியம் மொழியைப் படித்தது. சில மாதங்களிலேயே நோர்வேப் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கிவிட்டார். ஹிட்லரின் வதைமுகாமில் கிடந்த பத்திரிகையாளர் கார்ல் ஃபொன் ஒசியெட்ஸ்கிக்கு நோபல் சமாதானப் பரிசு கொடுக்க வேண்டும் என்று அங்கே ஓர் இயக்கம் நடந்தது. அதில் ஓடி ஓடி வேலை செய்தவர்களில் இந்த இளைஞனும் ஒருவர். 1936இல் பரிசு அறிவிக்கப்பட்டது. 35 வருடம் கழித்து அதே ஒஸ்லோவில் அதே பரிசை அவரே வாங்கினார்.

1936இன் கடைசி மாதங்களில் அவர் செய்தது இன்னும் துணிச்சலானது. கட்சியின் தலைமறைவு வேலைக்காக பேர்லினுக்கே திரும்பிப் போனார். ஒரு நோர்வே நண்பரின் பெயரில், குன்னார் கோஸ்லான்ட் என்ற மாணவனாக. தன் தாய்மொழியை வெளிநாட்டுக்காரன் மாதிரித் தடுக்கித் தடுக்கிப் பேச வேண்டும். பிடிபட்டால் உயிர் இல்லை. சொந்த மொழியைத் தெரியாததுபோல நடிக்கும் அந்தக் களைப்பை நினைத்துப் பார்க்கிறேன்.

1938இல் ஹிட்லர் அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. நாடற்றவர் ஆனார். 1940 ஏப்ரலில் ஜேர்மன் படை நோர்வேக்குள் நுழைந்தபோது, அகப்பட்டால் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் ஒரு நோர்வே நண்பரின் இராணுவச் சீருடையைப் போட்டுக்கொண்டு கைதிகளோடு கைதியாகப் போனார். சீருடை கொடுத்தவர் பெயர் போல் கோகன். புகழ்பெற்ற ஓவியரின் பேரன், அவரும் ஓவியர். சில வாரம் முகாமில் இருந்தார், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. விடுதலையானதும் சுவீடனுக்குத் தப்பினார். நோர்வே அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. ஸ்டொக்ஹோமில் இருந்து போர் முடியும்வரை எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

சரி, அந்தச் சமையல்காரரின் வார்த்தைக்கு வருவோம். அவர் தானாகச் சொன்னதில்லை அது. 1961இல் பிராண்ட் முதன்முறை பிரதமர் வேட்பாளராக நின்றபோது, பவாரியாவின் பலம் பொருந்திய தலைவர் ஃபிரான்ஸ் ஜோசப் ஸ்ட்ராவுஸ் மேடையில் கேட்டார்: "ஒன்றை மட்டும் பிராண்ட் அவர்களிடம் கேட்கலாம்தானே. அந்த 12 வருடம் நீங்கள் வெளியில் என்ன செய்தீர்கள்? நாங்கள் உள்ளே என்ன செய்தோம் என்பது எங்களுக்குத் தெரியும்."

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை வாசித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு சுடும். 1933 முதல் 1945 வரை உள்ளே என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்த மேடையில் வெட்கப்பட வேண்டியவர் வெளியில் இருந்தவர் என்று ஆக்கப்பட்டது. கூட்டத்துக்கும் அது பிடித்திருந்தது.

தாக்குதல் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. உயிர் காத்த அந்த நோர்வேச் சீருடையைக் காட்டி, ஜேர்மன் சிப்பாய்களைச் சுட்டவன் என்றார்கள். ஹிட்லரின் ஆட்களை விசாரித்த நியூரம்பேர்க் விசாரணைகளைப் பார்க்க நோர்வேப் பத்திரிகையாளராக வந்த பிறகு, 1946இல் அவர் எழுதிய நூலின் பெயர் 'குற்றவாளிகளும் மற்ற ஜேர்மனியரும்'. குற்றவாளிகள் வேறு, மற்ற ஜேர்மனியர் வேறு, எல்லாரையும் ஒன்றாகப் போடாதீர்கள் என்று நோர்வேக்காரருக்குச் சொல்ல எழுதிய புத்தகம். அதையே திருப்பி, ஜேர்மனியர் அனைவரையும் குற்றவாளி என்றான் என்று பரப்பினார்கள். கல்யாணமாகாத தாயின் பிள்ளை என்பதும் தேர்தல் பேச்சானது. 1961 ஆகஸ்ட் 13இல் பேர்லின் மதில் எழுப்பப்பட்டது. அப்போது பிராண்ட் மேற்கு பேர்லினின் மேயர். தேர்தல் பயண ரயிலிலிருந்து விடியப்புறம் எழுப்பப்பட்டு ஓடிவந்து, முள்ளுக்கம்பிக்கு முன்னால் நின்று, கொதிக்கும் ஜனத்தை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். மறுநாள் பிரதமர் கொன்ராட் அடனாவர் பேர்லினுக்குப் போகவில்லை. ரீகன்ஸ்பர்க் நகரில் தேர்தல் கூட்டத்தில் நின்று, "பிராண்ட் என்கிற ஃபிராம்" என்று சொன்னார். பொலிஸ் பதிவேட்டில் திருடன் பெயரை எழுதுகிற மாதிரி. அடனாவர் பேர்லினுக்கு வந்தது 9 நாள் கழித்து.

பிராண்டுக்கு இது வலித்தது. சில விஷயங்களில் வழக்குப் போட்டு வென்றார். ஆனால் வெளியே இருந்ததற்காக ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. நோர்வேக் குடியுரிமையை விட்டுவிட்டுத் திரும்பி வந்ததே அவருடைய பதில் என்று நினைக்கிறேன். 1947இல் அவர் நோர்வேயின் இராஜதந்திரியாக பேர்லினில் இருந்தார். சம்பளம், வீடு, சாப்பாடு எல்லாம் இருந்தது. சுற்றிவர இடிபாடு, பட்டினி. அந்த நிலையில்தான் மறுபடி ஜேர்மனியன் ஆகிறேன் என்று முடிவெடுத்து, 1948இல் குடியுரிமையைத் திரும்பப் பெற்றார். தப்பி ஓடிய நாளில் வைத்துக்கொண்ட பெயரை அடுத்த வருடம் சட்டப்படி தன் பெயராக்கிக்கொண்டார்.

மேயராக அவர் செய்தவற்றில் நான் பெரிதாக நினைப்பது கென்னடியை அழைத்துவந்ததை அல்ல. 1963 டிசம்பரில் கிடைத்த நுழைவுச் சீட்டு ஒப்பந்தத்தைத்தான். மதில் எழும்பி 28 மாதம். ஒரே நகரத்தில் தாய் அந்தப் பக்கம், மகள் இந்தப் பக்கம், ஒரு தடவைகூடப் பார்க்க முடியவில்லை. கிழக்கு அரசோடு பேசினால் அதை அங்கீகரித்ததாகிவிடும் என்று மேற்கு ஜேர்மனியின் தலைநகரான பொன் (Bonn) நகரத்தில் பயம். பிராண்டும் அவருடைய ஆலோசகர் ஏகோன் பாரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இடம், அலுவலகம், பதவி ஆகியவற்றின் பெயர்களில் இரு தரப்பும் உடன்பட முடியவில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். பெயரில் உடன்பாடு இல்லை, ஆனால் கிறிஸ்மஸுக்கு அம்மாவைப் பார்க்கலாம். சுமார் இரண்டரை வாரத்தில் 12 இலட்சம் தடவை மேற்கு பேர்லின் மக்கள் எல்லை தாண்டிப் போய்வந்தார்கள். கிழக்கு நாடுகளோடு பேசி உறவு வைப்பது என்ற, பின்னால் உலகமே பேசிய அவருடைய கிழக்குக் கொள்கை அந்தச் சீட்டுக்கான குளிர் வரிசைகளில்தான் பிறந்தது.

1961இலும் 1965இலும் பிரதமர் பதவிக்கு நின்று தோற்றார். இரண்டாம் தோல்விக்குப் பிறகு மனம் உடைந்து, இனி பேர்லினோடு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். 1966இல் இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்த பெரும் கூட்டணி அரசில் வெளியுறவு அமைச்சர். பிரதமர் கூர்ட் கியோர்க் கீசிங்கர், 1933இலேயே ஹிட்லரின் கட்சியில் சேர்ந்தவர். ஓடிப்போனவரும் உள்ளே இருந்தவரும் ஒரே மேசையில். 1969 ஒக்டோபர் 21 அன்று, தேவையானதைவிட 2 வாக்கு மட்டும் கூடுதலாகப் பெற்றுப் பிரதமரானார்.

1970 மார்ச் 19. ஜேர்மனியின் இரு பாதிகளின் அரசுத் தலைவர்களும் முதன்முறை சந்திக்கும் நாள், கிழக்கில் எர்ஃபூர்ட் நகரம். ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள ஹோட்டலுக்கு பிராண்ட் நடந்து போனார். கூட்டம் பொலிஸ் தடையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. "வில்லி, வில்லி" என்று கத்தினார்கள். எதிர்த்தரப்புத் தலைவர் வில்லி ஸ்டோஃப் என்பவருடைய முதற்பெயரும் வில்லிதான். எந்த வில்லி என்பதில் சந்தேகம் வரக்கூடாது என்று பெயரை முழுதாகச் சொல்லத் தொடங்கினார்கள்: "வில்லி பிராண்ட், ஜன்னலுக்கு வா!"

அவர் உடனே போகவில்லை. பிறகு ஜன்னலில் வந்து நின்றார். சிரிப்பு இல்லை, வெற்றிக் கையசைப்பு இல்லை. உள்ளங்கைகளைக் கீழ்நோக்கி வைத்து மெல்ல அசைத்தார், அமைதி, அமைதி என்பதுபோல. பின்னால் எழுதினார்: நாளைக்கு நான் பொன்னுக்குத் திரும்பிவிடுவேன், இந்த மக்கள் இங்கேயேதான் இருக்க வேண்டும். அவர்களுக்கு என்ன நடக்கும் என்று யோசித்தேன் என்று. அந்தக் கை அசைவின் படம் என் மேசையில் இருக்கிறது. கூட்டம் தன் பெயரைக் கத்தும்போது கூட்டத்தின் நாளைய நாளை நினைத்த தலைவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. ஒரு நகரத்தை விட்டு ஓடியவனுக்குத்தான், ஓட முடியாமல் இருப்பவனின் நிலை அவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்கும்.

பிறகு வார்சோ. 1970 டிசம்பர் 7. போலந்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள். போரில் இழந்த கிழக்குப் பிரதேசங்களைப் போலந்தின் எல்லைக்குள் உள்ளவை என்று ஏற்கும் ஒப்பந்தம். அங்கிருந்து துரத்தப்பட்ட இலட்சக்கணக்கான ஜேர்மனியருக்கு அது ஆறாத புண். எப்போதோ சூதாடித் தொலைத்துவிட்டதைத் தவிர வேறெதையும் நாம் இழக்கவில்லை என்று அவர்களிடம் நேராகவே சொன்னார். அன்று காலை, ஹிட்லர் காலத்தில் யூதர்களை அடைத்துவைத்த பகுதியான வார்சோ கெட்டோவில் எழுந்து போராடி மாண்ட யூதர்களின் நினைவுச் சின்னத்துக்குப் போனார். 1942 கோடையில் மட்டும் அந்தக் கெட்டோவிலிருந்து இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ட்ரெப்ளிங்கா என்ற முகாமுக்குக் கொலை செய்யக் கொண்டுபோயிருந்தார்கள்.

வழக்கமான சடங்குதான். மலர் வளையம் வைத்தாயிற்று. குனிந்து நாடாவை நேர் செய்தார். ஓரடி பின்னால் வந்தார். தலை குனிந்து நிற்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் முழங்காலில் விழுந்தார். ஈரமான கல். கைகளை முன்னால் கோத்து, அரை நிமிடம் அளவு அப்படியே இருந்தார். பிறகு கையூன்றாமல் ஒரே வீச்சில் எழுந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஏகோன் பாருக்கு ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று எல்லாம் அமைதியானது, முழங்காலில் நிற்கிறார் என்று யாரோ கிசுகிசுத்தது மட்டும் கேட்டதாம். முன்கூட்டித் திட்டமிடவில்லை என்றார் பிராண்ட். சொற்கள் கைவிடும்போது மனிதர்கள் செய்வதைச் செய்தேன் என்று எழுதினார்.

அந்த இடத்தில் மண்டியிட வேண்டிய கடன் அவருடையது இல்லை. அவர் அந்தக் காலத்தில் ஸ்டொக்ஹோமில் அகதி. ஸ்பீகல் இதழின் நிருபர் அப்போதே இதை எழுதினார்: மண்டியிடத் தேவையில்லாதவர், மண்டியிட வேண்டியும் மண்டியிடாத அனைவருக்காகவும் மண்டியிட்டார் என்ற பொருளில். அதே இதழ் எடுத்த கருத்துக் கணிப்பில் 48 வீதமானோர் இது மிகையானது என்றார்கள், சரி என்றவர்கள் 41 வீதம். 12 வருடம் வெளியில் என்ன செய்தாய் என்று கேட்டவர்களின் சார்பிலும்தான் அந்த முழங்கால் ஈரக் கல்லில் பட்டது.

1971இல் நோபல் பரிசு. 1972 ஏப்ரலில் அவரைக் கவிழ்க்கக் கொண்டுவந்த தீர்மானம் 2 வாக்கில் தோற்றது. கிழக்கு ஜேர்மனியின் உளவுத்துறை ஸ்டாசி, எதிர்க்கட்சி உறுப்பினரைக் காசு கொடுத்து வாங்கியிருந்தது பின்னால்தான் வெளிவந்தது. அதே வருட நவம்பர்த் தேர்தலில் 91 வீதமானோர் வாக்களித்தார்கள், அவருடைய கட்சிக்கு 45.8 வீதம்.

நான் அவரை நேசிக்கிறேன் என்பதற்காக மறைக்க ஒன்றும் இல்லை. 1972 ஜனவரியில் அவருடைய அரசு மாநிலங்களோடு சேர்ந்து கொண்டுவந்த, தீவிரக் கொள்கை உடையவர்களை அரச வேலையில் சேர்க்காமல் தடுக்கும் ஆணை, ஆசிரியர், தபால்காரர் வரை இலட்சக்கணக்கானோரின் கொள்கையைத் துருவி ஆராய வைத்தது. தன் கருத்துக்காகக் குடியுரிமை பறிக்கப்பட்டவர் இதில் கையெழுத்துப் போட்டார் என்பதை என்னால் இன்றும் செரிக்க முடியவில்லை. அது தவறு என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். நாட்கணக்கில் மனச்சோர்வில் படுத்துக் கிடப்பார். குடியும் இருந்தது. வீட்டில் மனைவி ரூட்டும் பிள்ளைகளும் அவருடைய மௌனத்தோடு வாழ்ந்தார்கள்.

அவரை வீழ்த்தியது குந்தர் கியோம். 1956இல் கிழக்கிலிருந்து மனைவியோடு அகதியாக வந்தவர். அதாவது, அகதி வேஷத்தில் அனுப்பப்பட்ட ஸ்டாசி அதிகாரி. பிராங்ஃபர்ட்டில் கடை வைத்து, கட்சியில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, பிரதமர் அலுவலகத்தில் பிராண்டின் நேரடி உதவியாளராக வந்துவிட்டார். 1973 மே மாதமே பாதுகாப்புத் துறைக்குச் சந்தேகம். ஆதாரம் கிடைக்கும்வரை அவரை அப்படியே பக்கத்தில் வைத்திருங்கள் என்று பிராண்டுக்கு ஆலோசனை சொன்னார்கள். அவரும் வைத்திருந்தார். அந்தக் கோடையில் நோர்வேயில் ஹாமர் பக்கத்தில் விடுமுறைக்குப் போனபோது கியோமும் கூடப் போனார். இரகசியத் தந்திகளை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். 1974 ஏப்ரல் 24இல் கைது, மே 6இல் பிராண்டின் இராஜினாமா.

எனக்கு இதில் வலிப்பது உளவு அல்ல, வந்த வேஷம். ஒரு காலத்தில் பேர்லினில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பொய்ப் பெயரில் வாழ்ந்தவரை, இன்னொருவருடைய பொய் வாழ்க்கை விழுத்தியது. உண்மையாக ஓடியவரை, ஓடிவந்ததாக நடித்தவர் கவிழ்த்தார். அதுவும், அவருக்கு அடைக்கலம் தந்த நோர்வேயின் காட்டுக்குள் இருந்த வீட்டிலிருந்தே.

பிறகும் 18 வருடம் வாழ்ந்தார். வடக்கு நாடுகளுக்கும் தெற்கு நாடுகளுக்கும் இடையிலுள்ள வறுமைப் பிளவைப் பற்றிய ஆணைக்குழுவுக்குத் தலைமை வகித்து 1980இல் அறிக்கை கொடுத்தார். மதில் விழுந்த மறுநாள், 1989 நவம்பர் 10, பேர்லினில் நின்றார். அன்று நானும் தெருவில்தான் நின்றேன், முன்பின் தெரியாத ஒரு கிழக்கு பேர்லின் கிழவி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். 1990 டிசம்பரில், ஒன்றான ஜேர்மனியின் முதல் நாடாளுமன்றத்தை வயதில் மூத்த உறுப்பினராக ரைக்ஸ்டாக்கில் தொடக்கிவைத்தவர் அவர்தான். 1992 ஒக்டோபர் 8 அன்று ரைன் நதிக் கரையில் உங்கெல் என்ற சிற்றூரில் இறந்தார்.

நான் 1984இல் கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாக வந்து இறங்கியது கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில். அங்கிருந்து ரயிலில் ஃபிரெட்ரிக் தெரு நிலையம் வந்து மேற்கே கடந்தேன். அந்த வருடங்களில் எங்கள் பொடியன்கள் ஏராளமானோர் வந்த வழி அது. ஷோனஃபெல்டில் 2020இல் திறந்த புதிய விமான நிலையத்துக்கு வில்லி பிராண்டின் பெயர். போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அக்காவை அங்கேதான் கூப்பிடப் போனேன். "யாரடா தம்பி இது, பெயர் இவ்வளவு பெரிசா எழுதியிருக்கு?" என்று கேட்டா. "எங்களைப் போல ஒருத்தர் அக்கா" என்றேன்.

மறுநாள் அவவைக் கூட்டிக்கொண்டு செலண்டோர்ஃப் காட்டு மயானத்துக்குப் போனேன். பைன் மரங்கள், கீழே ஈர இலை. பக்கத்தில் எர்ன்ஸ்ட் ரொய்ட்டரின் கல்லறை. அவரும் ஹிட்லர் காலத்தில் துருக்கிக்குத் தப்பிப் போய், திரும்பி வந்து பேர்லினுக்கு மேயரானவர். பிராண்டின் கல் செதுக்கி மினுக்காத சாதாரணக் கல். பிறந்த நாள் இல்லை, இறந்த நாள் இல்லை, பிரதமர் என்றோ நோபல் என்றோ ஒன்றும் இல்லை. 19 வயதில் ஓடும்போது வைத்துக்கொண்ட அந்த இரண்டு சொற்கள் மட்டும் இருக்கின்றன. அக்கா கொண்டுவந்த பூவைக் கல்லடியில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றா.